டிரம்முக்குள்ள ஒட்டியிருக்கிற பாரம்

பெரும்பாக்கம் டிராஃபிக்ல நிக்கும்போதெல்லாம் முன்னாடி ஒரு மிக்சர் லாரி சுத்திக்கிட்டே இருக்கும். நமக்குத்தான் கணக்குப் போடுற வியாதியாச்சே!

ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன். ஆறுக்கு 14.4. காலி வண்டி 12 டன்னு வெச்சா மொத்தம் 26.4. மூணு ஆக்சில் லாரிக்கு 2018 வரைக்கும் அனுமதியே 25 டன்தான்! அப்புறம்தான் 28.5 ஆக்கினாங்க.

ஏழு ஏத்தணும்னா காலி வண்டி 11.7 டன்னைத் தாண்டக்கூடாது. மெல்லிசான, தேயாத ஸ்டீல்ல டிரம் செய்யலாம், சரி. முதல்ல உள்ள காய்ஞ்சு இறுகினதை எடுங்கப்பா. அரை கன மீட்டர் ஒட்டியிருந்தாலே 1.2 டன் தண்டம். தினமும் ஒழுங்கா கழுவினா, பிரேக்கரோட ஒரு மனுஷன் அந்தப் புழுதிக்குள்ள இறங்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் விட்டுட்டு ஓவர்லோடு ஏத்தினா? ஆக்சில் பாரம் 10 சதவீதம் கூடினா ரோட்டுக்குச் சேதம் கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடும். இங்க பக்கத்துலயே சதுப்பு நிலம் வேற. பள்ளத்துல விழுறது லாரி இல்லீங்க, பின்னாடி வர்ற நம்ம டூவீலர்.