ஜல்லிக்குத் தார்ப்பாய் போடுங்கள், காருக்குச் சட்டை அப்புறம்

புதுக் கார் வாங்கினால் முன்பெல்லாம் சக்கரத்தடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் போதும். இப்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் சட்டை ஒன்றும் போட வேண்டுமாம். பிபிஎஃப் என்கிறார்கள். கல் தெறித்துப் பெயிண்ட் பெயராமல் காக்கும் படலம். சேலத்தில் இருக்கும் என் மாப்பிள்ளை விசாரித்து வந்த விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. "உங்க ஊருக்கு வந்து போறதுக்குத்தான் மாமா இது தேவைப்படுது" என்றார். சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

சரக்கைக் குறை சொல்ல மாட்டேன். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் விசிறிகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க அமெரிக்கர்கள் ஒட்டிய படலத்தின் வாரிசு இது. காரின் பெயிண்ட் மொத்தமாகச் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். படலம் அதைவிட ஒன்றரை மடங்காவது கனம். பாலியூரிதேன் என்பதால் கல் பட்டால் அமுங்கி மீளும். சின்னக் கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். (செராமிக் கோட்டிங்கும் இதையே செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பளபளப்புக்கு. கல்லைத் தாங்காது.)

என் கேள்வி வேறு. அந்தக் கல் எங்கிருந்து வந்தது?

உளுந்தூர்ப்பேட்டை – சேலம் நாலுவழிச் சாலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் வரை போய்ப் பாருங்கள். முக்கால் ஜல்லி, எம்-சாண்ட், கிராவல் ஏற்றிய டிப்பர்கள். ஓரப்பலகைக்கு மேல் கோபுரமாகக் குவித்த சுமை. பின்கதவு இடுக்கில் சிந்துகிறது. இரட்டை டயர்களுக்கு நடுவில் சிக்கிய கல் விடுபட்டுப் பாய்கிறது. தார்ப்பாய் இருக்கிறது, கேபினுக்கு மேல் சுருட்டி வைத்த நிலையில். இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கண்டால் விரியும், குடை மாதிரி.

பின்னால் நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், சாலையில் விழுந்து துள்ளும் கல்லுக்குச் சொந்த வேகம் தேவையில்லை, உங்கள் வேகமே போதும். 100-ல் போனால் அடியின் பலம் இன்னும் பாதிக்கு மேல் கூடும். இது பள்ளிக்கூடக் கணக்கு.

பானெட்டுக்குச் சட்டை போடலாம். அதே லாரிக்குப் பின்னால் எக்ஸ்எல் வண்டியில், முன்னால் புல்லுக்கட்டும் பின்னால் மனைவியுமாகப் போகிறவர் கண்ணுக்கு எந்தப் படலம் ஒட்டுவது? கார்க்காரன் பெயிண்டை இழக்கிறான். இவர் இழப்பது என்னவாக இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறும்போது இது இன்னும் மோசம். ஏற்றத்தில் சுமை பின்னுக்குச் சரியும். கொண்டை ஊசி வளைவில் கொட்டிய ஜல்லியின் மேல் இறங்கி வரும் பைக் சறுக்கும். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்கே சாலைக்காகக் காத்துக் கிடந்தவர்களிடம் போய் ஜல்லி லாரி வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வரட்டும், மூடிக்கொண்டு வரட்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஜல்லிப் பொடிக்கு 'கிராவியோன்' என்பார்கள். பிரான்சில் புதிதாகக் கல்பொடி தூவிய சாலையில் அந்த ஒரு சொல்லை எழுதிப் பலகை நட்டு, வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். சுமையால் பிறருக்குச் சேதம் வராமல் பார்ப்பது ஏற்றியவன் கடமை என்று அவர்களுடைய சாலைச் சட்டம் சொல்கிறது. (அவர்கள் நம்மை ஆண்ட லட்சணம் வேறு கதை.) நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. அபராதப் புத்தகம் கனமாகத்தான் இருக்கிறது.

லாரிக்காரர்கள் சொல்வது எனக்குத் தெரியும். தார்ப்பாய் கட்ட நேரமாகும், நடை குறையும், நடைக்குத்தான் கூலி. டிரைவரைத் திட்டிப் பயனில்லை. அதனால்தான் குவாரி வாசலில் பிடிக்கச் சொல்கிறேன். கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இல்லாமல் ஒரு யூனிட் ஜல்லிகூட முறைப்படி வெளியே போக முடியாது. எழுத்தராக முப்பது வருஷம் சீட்டு எழுதிய கை இது. சீட்டு தருகிற இடம்தான் கடிவாளம். எடைமேடையில் தார்ப்பாய் கட்டி, பின்கதவைப் பூட்டி, டயர் இடுக்கைத் தட்டிய பிறகுதான் சீட்டு என்று ஒரு வரி உத்தரவு போதும். அதிகமானால் பத்து நிமிஷ வேலை. ஒரு காருக்கு ஒட்டும் படலத்தின் காசில் எத்தனை லாரிக்குத் தார்ப்பாய் வாங்கலாம்!

மாப்பிள்ளையிடம், ஒட்டியே ஆக வேண்டுமென்றால் பம்பர், பானெட், கண்ணாடிக் காதுகளுக்கு மட்டும் ஒட்டுங்கள், கல் படுவது அங்கேதான் என்றேன். லாரிக்குப் பின்னால் மூன்று விநாடி இடைவெளி விடுங்கள், அது இலவசம் என்றும் சொன்னேன்.

மனு தயாராக இருக்கிறது, ஒன்றரைப் பக்கம். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலைக்குள் வீட்டுக்கு வாருங்கள். டிப்பர் சொந்தக்காரர்களும் வரலாம், காபி உண்டு.