குரூப் பிராஜெக்ட்: நாலு பேருக்கும் ஒரே மார்க் சரியா?

எந்தப் பள்ளியிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. ஆறாம் வகுப்பு, நாலு பேருக்கு ஒரு குரூப் பிராஜெக்ட். ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து சார்ட் முழுவதையும் தானே முடித்துவிடுகிறாள் (பாதி அம்மாவின் கைவண்ணம்). ஒருவன் காசு கொடுக்கிறான். இன்னொருவன் வகுப்பில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நாலாவது பையன் அன்றைக்கு லீவு. நாலு பேருக்கும் பத்துக்கு எட்டு!

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டாளிகளுக்குள் ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சமபங்குதான். யார் எவ்வளவு முதல் போட்டார் என்ற கேள்வியே கிடையாது. ஆனால் அங்கே கூட்டாளியைத் தேர்ந்தெடுத்தது அவரவர். இங்கே டீச்சர் அட்டென்டன்ஸ் வரிசைப்படி பிரித்துவிடுகிறார்.

சரி, பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் மார்க் போடச் சொல்லலாமா? போடுவார்கள். லஞ்சில் கூட உட்காருகிறவனுக்குப் பத்து, யாரோடும் ஒட்டாத பிள்ளைக்கு இரண்டு. பதினோரு வயதில் அந்த இரண்டு மார்க் எப்படி வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் பரிதாபப்படுவது சார்ட் செய்த பெண்ணுக்காகத்தான். பாடத்துக்கு மார்க் என்றால் அது அவளுக்கே சேர வேண்டும். ஆனால் சேர்ந்து வேலை செய்யும் திறனுக்கு என்றால்? அவள் யாரையும் தொடவே விடவில்லையே! இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்புவதுதான் கோளாறு.

2015இல் நடந்த பிசா தேர்வில் 15 வயது மாணவர்களிடம் இந்தத் திறனைத் தனித்தனியாக அளக்கப் பார்த்தார்கள். கூட்டாளிகள் மனிதர்களே இல்லை, கம்ப்யூட்டர்! ஒரு கற்பனை நாட்டைப் பற்றிய போட்டிக்கு இரண்டு கம்ப்யூட்டர் நண்பர்களோடு சாட் செய்து தயாராக வேண்டும். கொடுத்திருக்கும் வாக்கியங்களில் எதை அனுப்புகிறார் என்பதற்கு மார்க். சிங்கப்பூர் முதலிடம். கலந்துகொண்ட எல்லா இடங்களிலும் மாணவிகளே முந்தினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கூட்டாளி என்பதால் நியாயம்தான். ஆனால் கம்ப்யூட்டர் பேனாவைப் பிடுங்காது, கோபித்துக்கொண்டு போகாது. நாடுகளை ஒப்பிட அது போதும், ஒரு பிள்ளையைத் தெரிந்துகொள்ளப் போதாது.

தமிழகத்தில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கென்றே 40 மார்க் ஒதுக்கினார்கள். நல்ல யோசனை. ஆனால் பிராஜெக்ட் வீட்டுக்குப் போனதும் மார்க் பெற்றோருக்கும் ஸ்டேஷனரி கடைக்கும் போய்விடுகிறது. வேலையை வகுப்பிலேயே, டீச்சர் கண்ணெதிரே வைக்க வேண்டும். ஒரு பீரியடுக்கு இரண்டு குழுவைக் கவனித்தால் போதும். யார் கேள்வி கேட்டார், யார் அடுத்தவர் சொன்னதைக் கேட்டுத் தன் யோசனையை மாற்றிக்கொண்டார், யார் ஒதுங்கியவரை இழுத்துச் சேர்த்தார் என்று நோட்டில் இரண்டு வரி. பருவத்தில் மூன்று நாலு முறை, வேறு வேறு குழுவில். முதல் வரிகளுக்கு மார்க்கே வேண்டாம், பிள்ளையிடம் சொன்னால் போதும்.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இது கூடுதல் சுமைதான், மறுக்க முடியாது. ஆனால் அப்படிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் அந்த நாலாவது பையன் ஏன் லீவு போட்டான் என்பதும் தெரியவரும். சார்ட்டுக்கு ஆளுக்கு இருபது ரூபாய் கேட்டிருந்தார்கள்.