கோயில் இருக்கிறது, கோயில் எங்கே?

சென்ற மாதம் மாணவர்களோடு தஞ்சை அரண்மனைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் தம் பேரனிடம், "ராஜராஜ சோழன் இங்கதான்டா தர்பார் நடத்துனாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதுகலைத் தமிழ் பயிலும் என் மாணவர்களும் தலையாட்டினார்கள். குற்றம் அவர்களுடையதன்று; கற்பித்த எங்களுடையது.

அவ்வரண்மனை நாயக்கர் கட்டியது, மராத்தியர் விரித்தது. ராஜராஜன் மறைந்து ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்தது. 850ஐ ஒட்டி விஜயாலயன் கைப்பற்றிய தஞ்சையில், சோழர் அரண்மனை நின்ற இடம் எதுவென இன்றுவரை உறுதிப்படவில்லை.

அரண்மனை இருந்ததற்குப் பெரிய கோயிலின் கல்லே சாட்சி. தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள், தஞ்சாவூர்க் 'கோயிலின்' உள்ளே, கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்தபோதுதான், தானும் தன் அக்கனும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு ராஜராஜன் பணிக்கிறான். அங்கே கோயில் என்பது அரண்மனை. கோ வாழும் இல். சொல்லிலிருந்து அரசனின் வீட்டைத் தொலைத்தோம். மண்ணிலும் அதைத் தேட மறந்தோம்.

"செங்கல்லும் மரமும்தானே, பாண்டியன் எரித்துவிட்டான்" என்பார்கள். மெய்தான்; 13ஆம் நூற்றாண்டில் தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததை மாறவர்மன் சுந்தர பாண்டியனின் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. ஆனால் நெருப்பு கூரையைத் தின்னும், அடித்தளத்தைத் தின்னாது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் 1980களில் தோண்டியபோது சோழர் மாளிகையின் செங்கற்சுவர்கள் வெளிப்பட்டனவே! தேடியவர்க்குக் கிடைத்தது.

சூடானில் மெரோவே என்றொரு ஊர், குஷ் அரசர்களின் தலைநகரம். 2011இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, பிரமிடுகளோடு அரச நகரமும் சேர்ந்தது. நம் பட்டியலில் 1987இல் தஞ்சைப் பெரிய கோயிலும், 2004இல் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்களும் இடம்பெற்றன. கோயில்கள் மட்டுமே. தலைநகரம் இல்லை.

கோயிலை நான் குறைத்துப் பேசவில்லை. நகரத்தைப் பற்றி அந்தக் கோயிலே சொல்வதைக் கேட்கவில்லை என்கிறேன். அதன் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர், எவ்வூர்த் தளியிலிருந்து வந்தவர், எந்தத் தளிச்சேரி, தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு என எல்லாம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஹுல்ட்ஷ் இவற்றைப் பதிப்பித்து நூறாண்டுக்கு மேலாகிறது. முகவரி கையில் இருக்கிறது; தெருவைத்தான் தேடவில்லை.

1010இல் நிறைவுற்ற கோயிலுக்கு 2010இல் ஆயிரமாண்டு விழா எடுத்தோம். வீட்டெண் முதல் எழுதிவைத்துப்போன நகரத்துக்கு எங்கள் துறைச் சுவரில் ஒரு வரைபடம்கூட இல்லை. சோழர் பெருமை பேசும் மேடைகளில் நானும் ஏறியிருக்கிறேன். இனி ஏறுமுன் அந்த வரைபடத்தை மாணவர்களோடு வரையத் தொடங்குகிறேன். பெருமை பேசுகிற மற்றவர்களும் ஒரு தெருவையாவது தேடட்டும்.