இரண்டு கையெழுத்து: ஆறாம் வகுப்புக்கு ஒரு கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: திருச்சிராப்பள்ளி மாவட்ட ஆட்சியர், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், மாநகராட்சி ஆணையர், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்.

விடுப்போர்: திருச்சி, திருவரங்கம், திருவானைக்காவல் பகுதிகளில் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர்.

ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்கு ஒரே டீச்சர்தான். காய்ச்சலோடு வந்திருக்கிறானா, சாப்பிடாமல் வந்திருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர் வருகிறார், மணி அடித்தால் ஆள் மாறுகிறது. பக்கத்துத் தெருப் பள்ளி முடிந்து, பஸ் ஏறிப் போகும் பள்ளி தொடங்குகிறது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளையின் வாழ்க்கையில் ஒரே வாரத்தில் இத்தனை மாற்றம் வேறு எந்த வயதிலும் வருவதில்லை.

அந்த வாரத்தில்தான் பள்ளி எங்களிடம் விதிமுறைத் தாளை நீட்டுகிறது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், இரட்டைச் சடை போட வேண்டும், கையில் கயிறு கூடாது, செல்போன் கூடாது, முதல் மணிக்கு முன்பே வந்துவிட வேண்டும், வீட்டுப்பாடம் முடிக்காமல் வரக் கூடாது, விடுப்புக் கடிதம் இல்லாமல் வகுப்புக்குள் வரக் கூடாது. மீறினால் பள்ளி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் சம்மதம் என்ற வரி கடைசியில் நிற்கிறது. அதன் கீழே பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த விதிகளின் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. பெரும்பாலானவை பிள்ளைகளுக்கு நல்லவை, வீட்டில் நாங்களே சொல்பவை. எங்கள் மனக்குறை ஒன்றுதான். அந்தத் தாளில் பள்ளியின் கையெழுத்து இல்லை. பிள்ளை பள்ளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது வரிக்கு வரி எழுதப்பட்டிருக்கிறது. பள்ளியும் அரசும் பிள்ளைக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவை என்பது ஒரு வரிகூட இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் அந்தக் கடமைகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றையும் அதே தாளில், தமிழில் அச்சிட்டு, தலைமையாசிரியர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இதுவே எங்கள் முதற்கோரிக்கை. மற்றவை எல்லாம் இதிலிருந்து வருபவை.

சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்ததை அறிவோம். திருச்சியின் பெருமைமிக்க பழைய பள்ளிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. பல தலைமுறைகளாக ஏழைப் பிள்ளைகளை ஏற்றிவிட்ட பள்ளிகள் அவை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அவை தாமாகவே முன்வந்து கையெழுத்திட வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

அந்தத் தாளில் பள்ளி எழுதித் தர வேண்டியவை

சேர்க்கைக்காகப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வோ, பெற்றோருக்கு நேர்காணலோ நடத்த மாட்டோம். சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. அப்படி இருந்தும் நகரில் ஆறாம் வகுப்பு என்றாலே கணக்கும் ஆங்கிலமும் கேட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தேறவில்லை என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பக் கூடாது.

மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போட மாட்டோம். ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு உடனே டி.சி. தர வேண்டியது பழைய பள்ளியின் கடமை. அது வரத் தாமதமானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டியது புதிய பள்ளியின் கடமை என்று 5ஆம் பிரிவு சொல்கிறது.

அடிக்க மாட்டோம், மனம் நோகப் பேச மாட்டோம். அடிக்கக் கூடாது என்பது தமிழ்நாடு கல்வி விதிகளில் 2003லேயே வந்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவதும், அப்பாவின் தொழிலைச் சொல்லி ஏளனம் செய்வதும், தலைமுடியைப் பள்ளியிலேயே கத்தரித்து அனுப்புவதும் இந்தத் தடைக்குள் வருபவைதான்.

எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியைவிட்டு நீக்க மாட்டோம். ‘டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன்’ என்ற மிரட்டலைக் கேட்காத ஆறாம் வகுப்பு அரிது. 16ஆம் பிரிவின்படி தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது. சட்டம் தராத அதிகாரத்தைக் காட்டிப் பத்து வயதுப் பிள்ளையைப் பயமுறுத்துவது ஆசிரியப் பணிக்கு அழகல்ல.

கையில் கட்டும் கயிறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளும் மோதிரங்களும் பள்ளியில் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இந்த விதியை முழு மனதோடு ஏற்கிறோம். எங்கள் வீட்டிலிருந்தே கயிற்றைக் கழற்றி அனுப்புகிறோம். அந்த விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஏன் கழற்றச் சொல்கிறோம் என்பதை வகுப்பாசிரியர் முதல் வாரத்திலேயே உட்கார வைத்துப் பேச வேண்டும். காலை வழிபாட்டில் நிற்க வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டினால் பிள்ளை கற்றுக்கொள்வது அவமானத்தை மட்டுமே.

காலைச் சாப்பாடு

அந்தத் தாளுக்கு அடுத்து, இந்தச் சாசனத்தில் எங்களுக்கு மிக முக்கியமானது இதுதான்.

2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. இத்தனை விரிவிலும் ஐந்தாம் வகுப்பு என்ற கோட்டை அது தாண்டவில்லை. ஏப்ரலில் உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்ட பிள்ளைக்கு ஜூனில் தட்டு இல்லை. ஒரே வளாகத்தில் ஒன்று முதல் எட்டு வரை நடக்கும் நடுநிலைப் பள்ளியில் இது இன்னும் கொடுமை. நான்காவது படிக்கும் தங்கை வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், ஆறாவது படிக்கும் அண்ணன் வகுப்பறை வாசலில் நிற்கிறான்.

ஆறாம் வகுப்பில்தான் பள்ளி தூரமாகிறது. ஏழரைக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் விடியலுக்கு முன்பே மூட்டை இறக்கப் போகும் அப்பாவும், வீட்டு வேலைக்கு ஆறு மணிக்கே போகும் அம்மாவும் உள்ள வீட்டில் அந்த நேரத்துக்கு அடுப்பு பற்றவைக்க ஆள் இல்லை. பிள்ளை வேகமாக வளரத் தொடங்கும் வயதும், பெண் குழந்தைக்கு ரத்தசோகை பற்றிக் கவலைப்பட வேண்டிய வயதும் இதுவே. தேவை கூடும் நேரம் பார்த்து உணவு நிற்கிறது.

இதைக் கேட்க எங்கள் ஊருக்குத் தனி உரிமை உண்டு. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று தொடங்கியது திருச்சி பாப்பாக்குறிச்சியில்தான். முதலில் அது சின்னப் பிள்ளைகளுக்கும் கிராமங்களுக்கும் மட்டுமே இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு வந்தது. 1984 செப்டம்பரில் பதினைந்து வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் நீட்டப்பட்டது. தொடங்கிய இரண்டே ஆண்டில் மதியச் சோறு பத்தாம் வகுப்பை எட்டியது. காலை உணவை எட்டாம் வகுப்பு வரையாவது கொண்டுவர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் அரசுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். ஆணை வரும் வரை காத்திருக்காமல், ஒன்று முதல் எட்டு வரை உள்ள மாநகராட்சி நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் மாநகராட்சி அதே பந்தியில் உட்கார வைக்க வேண்டும்.

யாரும் சொல்லாத கணக்கு

ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன கிடைக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது உரியது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி கிடைத்த இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்குதான். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அவை உண்டு, ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இல்லை.

உதவிபெறும் பள்ளியும் அரசுப் பள்ளி மாதிரிதானே என்று நம்பிச் சேர்த்துவிட்டு, ஏழு ஆண்டு கழித்துக் கலந்தாய்வு நேரத்தில் உண்மை தெரிந்து கலங்கிய குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு ஐந்தாம் வகுப்பிலும் மார்ச் மாதமே பெற்றோர் கூட்டம் போட்டு இதை விளக்க வேண்டும். ஆறாம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் எல்லாப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும், இந்தப் பள்ளியில் படித்தால் எந்தச் சலுகை உண்டு, எது இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

தமிழ் வழியில் ஐந்து ஆண்டு படித்த பிள்ளை ஆறில் ஆங்கில வழிக்கு மாறும்போது முதல் மாதம் முழுக்க இணைப்புப் பாடம் நடத்த வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் செயல்பாட்டோடு கற்ற பிள்ளைக்கு, ஒரு பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்ற முறையே புதிது. பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2025இல் ஆறு முதல் ஒன்பது வரை கொண்டுவந்த ‘திறன்’ வகுப்புகள் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கட்டும், பி.இ.டி. பீரியடைப் பிடுங்கி நடத்த வேண்டாம்.

பஸ், ஆறு, கழிப்பறை

நேரத்துக்கு வர வேண்டும் என்பது விதி. சரி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரை மணிக்குச் சமயபுரம், லால்குடி, ஜீயபுரம் பக்கத்துப் பஸ்களில் படியில் தொங்கியபடி வரும் சீருடைகளை அதிகாரிகள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக 2022 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை மூடப்பட்டபோது திருவரங்கத் தீவுக்கும் நகருக்கும் இடையே பிள்ளைகள் பட்ட பாடு மறந்திருக்காது. வைகுண்ட ஏகாதசித் திருவிழா நாள்களில் திருவரங்கத்தில் பஸ் எங்கே நிற்கும் என்பதே தெரியாது. ஆகவே பள்ளி நேரத்துக்குக் கூடுதல் பஸ் விட வேண்டும். இலவச பஸ் பாஸை முதல் மாதத்துக்குள் தர வேண்டும், அதுவரை சீருடையே பாஸ் என்று நடத்துநர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். தாமதமாக வந்த பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிறுத்தி வைக்கக் கூடாது. உள்ளே விட்டபிறகு காரணம் கேளுங்கள்.

பள்ளி திறக்கும் மாதத்தில்தான் மேட்டூர் அணையும் வழக்கமாகத் திறக்கிறது. தண்ணீர் முக்கொம்பு வந்து காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிகிறது. நகருக்குள் உய்யக்கொண்டான் ஓடுகிறது. இத்தனை தண்ணீருக்கு நடுவே வளரும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பெரியவர் துணையின்றி வெளியே போகத் தொடங்குகிறார்கள். ஆற்றுக்குப் போகாதே என்று தாளில் எழுதினால் மட்டும் போதாது. அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் கட்டணமின்றி நீச்சல் கற்றுத்தரக் கேட்கிறோம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநரோடு தனி நேரம் வேண்டும்.

கழிப்பறை சுத்தமாக, உள்ளே தாழ்ப்பாளோடு, தண்ணீரோடு இருக்க வேண்டும். பதினொரு வயதில் பூப்பெய்தும் பிள்ளைகள் உண்டு. சானிட்டரி நாப்கினை வகுப்பாசிரியையிடமே வைத்திருந்து, கேட்டதும் தர வேண்டும். வெளியே போக அனுமதி கேட்கும் பெண் பிள்ளையிடம் ஏன் என்று வகுப்பின் முன் கேட்கக் கூடாது. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் மாலை வரை இருக்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் வாட்டர் பெல் அடித்துப் பயன் இல்லை.

புத்தகப்பை எடையும் வீட்டுப்பாடமும் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 2020ஆம் ஆண்டின் மத்தியப் பள்ளிப்பைக் கொள்கை ஆறாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ, நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேர வீட்டுப்பாடம் என்கிறது. அதைப் பின்பற்றினால் போதும்.

நாங்கள் தரும் வாக்கு

எங்கள் பிள்ளைகள் தினமும் வருவார்கள். வராத நாளுக்குக் கடிதம் தருவோம். செல்போன் வீட்டிலேயே இருக்கும். கூடப் படிப்பவரின் சாதியைக் கேட்காத பிள்ளையாக வளர்ப்போம். புகார் பெட்டி பற்றியும், 1098, 14417 ஆகிய உதவி எண்கள் பற்றியும் வீட்டிலும் சொல்லிக்கொடுப்போம். ஆசிரியர்களைத் தேர்தல், கணக்கெடுப்பு, பேரிடர்ப் பணி தவிர வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்ற 27ஆம் பிரிவுக்காகவும், 35 பிள்ளைகளுக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்ற விதிக்காகவும் ஆசிரியர்களோடு சேர்ந்து நாங்களும் குரல் கொடுப்போம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இதைப் படிக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்தக் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று நாளைக்கே கேளுங்கள். இந்தச் சாசனத்தின் படியை எடுத்துச் செல்லுங்கள். பள்ளி தரும் விதிமுறைத் தாளில் உங்கள் கையெழுத்தைப் போடுமுன், எதிரே தலைமையாசிரியர் கையெழுத்துக்கும் ஓர் இடம் கேளுங்கள்.