தள்ளினாலும் சைக்கிள்தான்!

இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை 54 மைல் சைக்கிள் பயணம் ஒன்று உண்டு. 1980 முதல் பிரிட்டிஷ் இதய அறக்கட்டளைக்காக நிதி திரட்டும் பயணம் இது.

"காசைக் கொடுத்துட்டு வீட்டிலேயே இருக்கலாமே, எதுக்கு இந்த வேலை?" என்பார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உண்டியலைக் கண்டும் காணாமல் போகிறவர்கூட, பக்கத்து வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க மிதிக்கப் போகிறார் என்றால் பையைத் திறப்பார்.

பச்சைப் புல்வெளிகளைத் தாண்டினால், கால் ஓய்ந்த நேரத்தில் டிச்லிங் பீக்கன் குன்று நிற்கும். உயரம் 248 மீட்டர். பலர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். அதிலென்ன வெட்கம்? இது பந்தயமில்லையே! இதய நோய் ஆராய்ச்சிக்குப் பணம். மிதிப்பவர் இதயத்துக்கும் பலம். முந்தியவனுக்குப் பரிசில்லை, பலனெல்லாம் முகம் தெரியாத நோயாளிக்கு. என்னைக் கேட்டால், மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போகிறவனும் வீரனே!