இரண்டு பக்கமும் பார்ப்பவர்கள்

2025 பிப்ரவரி கடைசியில் மயிலாடுதுறையில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. போக்சோ சட்டத்தைப் பற்றிச் சொல்லித்தருகிற முகாம். அந்த வாரம்தான் சீர்காழிப் பக்கம் மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று பதின்வயதுப் பையனால் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, கல்லால் தாக்கப்பட்டு, புதுச்சேரி ஜிப்மரில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. முகாமில் பேசிய அன்றைய மாவட்ட ஆட்சியர், அன்று காலையில் அந்தக் குழந்தை பையனின் முகத்தில் துப்பியதாகத் தகவல் வந்திருக்கிறது, அதுவும் காரணமாக இருக்கலாம், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்கிற பொருளில் பேசினார். காணொளி பரவியது, கண்டனம் கிளம்பியது, அவரை மாற்றினார்கள். ஆள் போய்விட்டார், பிரச்சினை தீர்ந்தது என்று நாமும் அடுத்த காணொளிக்குப் போய்விட்டோம்.

ஆனால் அந்த ஆட்சியர் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நம்முடைய நிலையங்களிலும் அலுவலகங்களிலும் தினமும் நடப்பதை மைக் முன்னால் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நான் வேதாரண்யத்துக்காரன். 2020 வரைக்கும் மயிலாடுதுறையும் நாங்களும் ஒரே மாவட்டம். சில வருடங்களுக்கு முன் தெரிந்த குடும்பம் ஒன்றோடு துணைக்கு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் ஊரைச் சொன்னால் தெரு தெரிந்துவிடும், தெருவைச் சொன்னால் குழந்தை தெரிந்துவிடும். அம்மா உப்பளத்து வேலைக்குப் போகிறவர், அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "ஏம்மா, அவங்களுக்கும் உங்களுக்கும் கொல்ல வேலித் தகராறு ஏதாச்சும் இருக்கா?" அடுத்தது: "புள்ள ரொம்ப போன் பாக்குமோ?" அதற்கடுத்து வந்தது கேள்விகூட இல்லை. "அவங்களையும் வரச் சொல்லிருக்கேன். ரெண்டு பேரும் உக்காந்து பேசிருவோம்."

சொன்ன அதிகாரி கெட்டவர் இல்லை. குழந்தைக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். "அழுவாதக்கா" என்று அந்த அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். கொடுமைக்காரராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். நல்ல மனசோடு தப்பான வேலையைச் செய்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. நாட்டுக்கே முன்னோடியான திட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே வந்த கூட்டத்தில் பெரும்பங்கு புருஷன் பொண்டாட்டிச் சண்டை, வரதட்சணை, மாமியார் மருமகள். கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கேட்டு, எழுதி வாங்கி அனுப்புவதே நிலையத்தின் கைப்பழக்கமாகிவிட்டது. அதே மேசைக்குத்தான் குழந்தைகளின் புகார்களும் வருகின்றன. அங்கே ஆறு வயதுக் குழந்தையும் ஒரு 'பார்ட்டி' ஆகிவிடுகிறது.

சட்டத்தில் குழந்தை பார்ட்டி கிடையாது. 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் போக்சோ, தகவல் வந்தால் பதிவு செய் என்கிறது. பதியாமல் விட்ட காவலருக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் வீட்டுக்கோ, அது விரும்புகிற இடத்துக்கோ போய், சீருடை இல்லாமல், கூடுமானவரை ஒரு பெண் அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும். எங்கேயும் 'உட்கார்ந்து பேசுவோம்' இல்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, மாணவியின் அப்பாவோடு சமரசமாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, அது செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை மீட்டெடுத்தது. குழந்தையின் உடம்பை வைத்து அப்பாகூட ராஜி பேச முடியாது.

இரண்டு பக்கமும் பார்ப்பது எங்கே போய் முடியும் என்பதற்குச் சென்னை அண்ணா நகரே உதாரணம். 2024 ஆகஸ்டில் பத்து வயதுக் குழந்தையின் பெற்றோர் புகாரோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். தங்களையே அடித்தார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. குழந்தை சொன்னதன் பதிவு வெளியே கசிந்து சமூக ஊடகத்தில் சுற்றியது. அக்டோபரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்குக் கொடுத்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பதிலாக மூன்று ஐ.பி.எஸ். அதிகாரிகளின் குழுவை அமைத்தது. 2025 ஜனவரியில் அந்த நிலையத்தின் ஆய்வாளரே கைதானார். தலைநகரத்தில், உயர் நீதிமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இப்படி. கோடியக்கரையில் இருக்கும் அம்மாவுக்காக யார் தானாக முன்வந்து வழக்கு எடுப்பார்கள்?

இங்கே இரண்டு பேர் குறுக்கிடுவார்கள். ஒருவர், "தூக்குல போடணும் சார்" என்பவர். போட்டாயிற்று. 2019 திருத்தத்திலேயே மரண தண்டனை வந்துவிட்டது. வேலித் தகராறு பற்றிக் கேட்கிற மேசை அப்படியே இருக்கிறது. இன்னொருவர், "பாதி போக்சோ காதல் கேஸ்" என்பவர். பாதியா, காலா தெரியாது. அப்படி வழக்குகள் உண்டு என்பது உண்மை. அதனால்தான் அவற்றில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று 2022 டிசம்பரில் காவல்துறைத் தலைவரே சுற்றறிக்கை அனுப்பினார். பதினேழு வயதுக் காதலையும் ஆறு வயதுக் குழந்தையின் அழுகையையும் பிரித்துப் பார்க்கத் துறைக்குத் தெரியும் என்றுதானே இதற்கு அர்த்தம்? சீர்காழிப் பையனுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதைக் கேட்க இளைஞர் நீதிக் குழுமம் இருக்கிறது, பயிற்சி முகாம் மேடை எதற்கு?

நிலையத்தைத் தாண்டினால் சமூக நலம். குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சிறப்பு நீதிமன்றம் எல்லாம் மாவட்ட அளவில் இருப்பவை. எங்களுக்கு அதன் பொருள் நாகப்பட்டினம். விழுந்தமாவடி, திருப்பூண்டி, வேளாங்கண்ணி என்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். ஒவ்வொரு இடத்திலும் குழந்தை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்: போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட், நலக் குழு, கவுன்சிலர், கடைசியில் கோர்ட். ஒரே விவரத்தை ஆறு திரையில் கேட்கிற மென்பொருளை நான் எழுதிக் கொடுத்தால் சோதனைக்குழு தூக்கி முகத்தில் அடிக்கும். இங்கே மூன்றாவது தடவையில் குழந்தை ஒரு நாளை மாற்றிச் சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல், முன்னுக்குப் பின் முரண் என்பார்.

இதற்குச் சட்டம் வைத்திருக்கிற மருந்து மிகச் சாதாரணமானது. ஒரு ஆள். 2020 விதிகளின்படி நலக் குழு குழந்தைக்கு ஓர் 'ஆதரவு நபரை' நியமிக்கலாம். விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை கூடவே வருகிறவர். அடுத்து என்ன நடக்கும் என்று சொல்கிறவர், இடைக்கால நிவாரணத்துக்கு எழுதித் தருகிறவர், "இதை ஏற்கனவே சொல்லியாச்சு" என்று குறுக்கே பேசுகிறவர். இரண்டு பக்கமும் பார்க்காத ஒரே ஆள். குழந்தையின் பக்கம் மட்டுமே அவர் பக்கம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இப்படி ஒருவர் தேவையா என்பதைப் பெற்றோரின் யோசனைக்கு விட்டுவிடக்கூடாது என்றது. எந்தப் பெற்றோருக்கு இது தெரியும்? அவருக்கான கூலி, திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது என்கிறது விதி. அவ்வளவு சின்னச் செலவு. ஒரு நாள் பயிற்சி முகாமுக்குப் பந்தல், மைக், சாப்பாட்டுக்கு ஆகிற காசில் எத்தனை நாள் ஓடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. அப்படி ஒருவர் உண்டு என்பது அன்றைக்கு எனக்கே தெரியாது. பொறியியல் படித்தவன், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து போனில் சட்டப்பிரிவு தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் நான் சொல்வது இதுதான். புகார் நகலும் ரசீதும் வாங்காமல் வெளியே வராதீர்கள். குழந்தையின் உரிமைகள் எழுதிய படிவம் ஒன்று உண்டு, அதைக் கேளுங்கள். அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் நாகப்பட்டினம் குழந்தைகள் நலக் குழுவுக்கு, ஆதரவு நபர் வேண்டும் என்று எழுதி விரைவுத் தபாலில் போடுங்கள். எதிர்த்தரப்பை வரச் சொல்லியிருக்கிறோம் என்று யாராவது சொன்னால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். வந்து எனக்குப் போன் பண்ணுங்கள்.