மரக்கட்டைக்குப் பின்னால் நான்கு வருடங்கள்

துறவி என்றதும் எமது மனக்கண்ணில் வருவது தாடி வளர்த்த ஓர் ஆணின் உருவம்தான். காட்டுக்குப் போவதும் குகையில் இருப்பதும் ஆண்களின் காரியம் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் மத்திய கால ஐரோப்பாவில் சிறு அறையினுள் தனித்திருந்து தவம் செய்த பெண்கள் பலர் இருந்தனர். அவர்களை அங்கே கொண்டு சென்றது பக்தி மட்டும்தானா? சமூகவியல் படித்தவள் என்ற வகையில் எனக்குள் எழுந்த இக்கேள்விக்கு விடை தந்தது, 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த மார்க்யேட் கிறிஸ்டினாவின் வாழ்க்கை.

ஏறத்தாழ 1096ஆம் ஆண்டளவில் ஹன்டிங்டன் நகரில் பிறந்த இவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தியோடோரா. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரும் வசதியை இழக்காதிருந்த பழைய ஆங்கிலேயக் குடும்பம் அது. சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் சென் அல்பன்ஸ் மடாலயத்துக்குச் சென்றவர், தனது வாழ்வு இறைவனுக்கே என்று மனதுக்குள் உறுதி பூண்டார்.

முதல் ஆபத்து, வீட்டாருக்கு நன்கு பழக்கமான ஒரு பெரிய மனிதரிடமிருந்து வந்தது. டர்ஹாம் ஆயர் ரனுல்ப் பிளம்பார்ட் என்பவரே அவர். ஒரு மாலை தனது அறையில் அவளைத் தனியாக வைத்து அவர் கையைப் பிடித்தார். சத்தமிட்டால் பயனில்லை என்பதை உணர்ந்த அவள், கதவைத் தாழிட்டு விடுகிறேன் என்றாள். தாழிட்டாள்தான், வெளியே வந்து வெளிப்புறமாக! அவமானப்பட்ட ஆயர், பேர்த்ரெட் என்ற இளைஞனைத் தூண்டிப் பெண் கேட்க வைத்தார். பெற்றோரும் உடன்பட்டனர்.

அதன் பின்னர் நடந்தவற்றை வாசிக்கும்போது எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களுக்கு முந்திய கதையாகவே தோன்றாது. பரிசு, புகழ்ச்சி, கெஞ்சல், மிரட்டல் என்று எல்லாம் நடந்தன. ஒருநாள் தேவாலயத்தில் பலர் கூடி நெருக்கியதில் வாயளவில் ‘சரி’ என்றுவிட்டாள். அதுவே நிச்சயமாகிவிட்டது. வசிய மருந்து செய்யும் கிழவிகளுக்குத் தாய் காசைக் கொட்டினார். இரவில் பேர்த்ரெட்டை மகளின் அறைக்குள் பெற்றோரே அனுப்பினர். ஒருமுறை அவனை அமர்த்தி, கணவனும் மனைவியுமாகத் தூய வாழ்வு வாழ்ந்த புனித செசிலியாவின் கதையைச் சொல்லி அனுப்பினாள். மற்றொரு முறை சுவருக்கும் திரைச்சீலைக்கும் இடையே ஓர் ஆணியைப் பற்றித் தொங்கியபடி ஒளிந்திருந்தாள். தாய் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடித்தார்.

மகள் மீது பாசமில்லாத பெற்றோரா இவர்கள்? அப்படிச் சொல்ல முடியாது. அயலவர் சிரிப்பார்களே என்பதுதான் தந்தையின் பெருங்கவலை. மகளின் கெட்டித்தனத்தால் குடும்பத்துக்கு வரக்கூடிய செல்வாக்கும் கணக்கில் இருந்தது. லிங்கன் ஆயர் முதலில் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். தந்தையிடம் பணம் வாங்கிய பின் தீர்ப்பை மாற்றினார் என்கிறது அவளது வரலாறு.

இறுதியில் ஆண் உடை தரித்து, குதிரையேறித் தப்பினாள். பிளாம்ஸ்டெட்டில் அல்ப்வென் என்ற பெண் துறவி இரண்டு வருடங்கள் அவளை ஒளித்து வைத்தார். தேடி வந்த பேர்த்ரெட்டிடம், கணவனை விட்டு ஓடும் பெண்களை நாங்கள் வைத்திருப்பதில்லை என்று கூறித் திருப்பி அனுப்பியதும் அவரே. பிறகு மார்க்யேட்டில் ரோஜர் என்ற முதிய துறவியிடம் அடைக்கலம். அவரது குடிலை ஒட்டிய ஒடுங்கிய மூலையொன்றில், பாரமான மரக்கட்டையால் மூடப்பட்டு, நான்கு வருடங்கள் இருந்தாள். குளிருக்குப் போதிய உடை அணியக்கூட அங்கே இடமில்லை. மாலையில் ரோஜர் வந்து கட்டையை அகற்றும்வரை எந்தத் தேவைக்கும் வெளியே வர முடியாது. அதனால் நோய்களும் வந்தன.

பேர்த்ரெட் இறுதியில் அவளை விடுவிக்க இணங்கினான். 1122ஆம் ஆண்டளவில் யோர்க் பேராயர் தேர்ஸ்டன் அந்தத் திருமணத்தை இரத்துச் செய்தார். ரோஜரின் மறைவுக்குப் பின் அக்குடில் கிறிஸ்டினாவுடையதாயிற்று. சென் அல்பன்ஸ் மடாதிபதி ஜெப்ரி அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தார். 1145இல் அங்கு கன்னியர் மடம் உருவாகி, அவரே அதன் தலைவியானார். அவர் கைப்படத் தைத்த தலையணிகளும் பாதணிகளும் பாப்பரசர் நான்காம் ஏட்ரியனுக்கு அனுப்பப்பட்டன. திருச்சபை அவரை முறைப்படி புனிதராக அறிவிக்கவில்லை. ஆயினும் பலர் அவரைப் புனிதராகவே மதிக்கின்றனர். அவரது வரலாற்றை எழுதிய துறவியின் பெயர் தெரியாது. அதன் ஒரேயொரு பிரதி, 1731ஆம் ஆண்டுத் தீயில் கருகியும் பிழைத்து, பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

சகோதரிகளே, அந்த அறையை நான் தவக்கூடமாக மட்டும் பார்க்கவில்லை. மணம் முடிக்க விரும்பாத பெண்ணுக்கு அக்காலத்துச் சமூகம் விட்டுவைத்த மிகச் சிறிய இடம் அது. என் வேலையில் சந்திக்கும் பெண்கள் பலர், “நான் ஓம் எண்டுதான் சொன்னனான், ஆனா விரும்பிச் சொல்லேல்லை” என்பார்கள். பத்துப் பேர் சுற்றி நின்று வாங்கும் சம்மதம் சம்மதமல்ல. உங்கள் மகளிடமோ தங்கையிடமோ கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, அவள் தனியாக இருக்கையில் ஒருமுறை கேளுங்கள். ‘இல்லை’ என்றால் அதற்கு வீட்டிலேயே இடம் கொடுங்கள். அல்ப்வென்னைப் போலக் கதவு திறப்பவர் எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை.